தண்ணீருக்கு வழி காட்டிய பிறகே சாந்து

கொழும்பில் கொட்டாஞ்சேனையிலோ புதுக்கடையிலோ பழைய வீடு ஒன்றை வாங்கப் போகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து கூரையைத்தான் பார்ப்பார்கள். அதற்கு முன் குனிந்து, முழங்கால் உயரத்தில் சுவரை விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். வெற்றுப் பெட்டியைத் தட்டியது போலக் கேட்டால் பூச்சு கல்லை விட்டுக் கழன்றுவிட்டது. அந்த இடத்தில் அலவாங்கு முனையை மெல்லக் கொடுத்தால் சாம்பல் நிறச் சீமெந்துப் பத்தை ஒன்று முழுசாகக் கையில் வரும். அதன் முதுகில் வெள்ளை உப்புப் பூத்திருக்கும். பின்னால் இருக்கும் கபொக் கல் ஈரத்தோடு, நகத்தால் சுரண்டினால் சிவப்பு மாவாக உதிரும். அந்த வீட்டின் சரித்திரம் கூரையில் இல்லை, இந்தப் பத்தையில் இருக்கிறது.

கபொக் என்பது மேல் மாகாணத்து மண்ணுக்கடியில் கிடக்கும் செம்புரைக்கல். வெட்டும்போது கோடரிக்கு இணங்கும். வெளியே காய விட்டால் இறுகும். நெடுநாள் ஈரத்தில் நின்றால் அதற்குள் இருக்கும் களிமண் கரைந்து, ஓட்டை ஓட்டையான இரும்புக் கூடு மட்டும் மிஞ்சும். ஒல்லாந்தர் இதைக் கொண்டுதான் கொழும்பைக் கட்டினார்கள். 1757இல் திறந்த வுல்பெண்டால் தேவாலயத்தின் சுவர் ஏறக்குறைய ஐந்து அடிக் கனமான கபொக். கோட்டையில் உள்ள பழைய ஒல்லாந்தர் மருத்துவமனையின் சுவர் சுமார் 20 அங்குலம். அது 2011இல் கடைத்தொகுதியாகத் திறக்கப்பட்டது, உள்ளே போய்ச் சுவரைத் தொட்டுப் பார்ப்பதற்குக் காசில்லை. குடியிருப்பு வீடுகளில் 18 முதல் 24 அங்குலம் வரை இருக்கும். பெரும்பாலும் இரண்டு முகக் கல்லும் நடுவில் மண்ணும் கல்துண்டும் சுண்ணாம்பும் கொட்டிய நிரப்புமாகத்தான் கட்டியிருப்பார்கள். இந்த நடுநிரப்பை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தச் சுவர் தண்ணீரைத் தடுப்பதில்லை. அடியில் குடிக்கிறது, முகத்தால் ஆற்றிவிடுகிறது. சுண்ணாம்புப் பூச்சு இருந்த காலத்தில் குடித்ததும் ஆறியதும் ஒருவாறு சரிக்குச் சரியாக நின்றன. பிறகு சீமெந்து வந்தது. “ரெண்டு மூட்டை சீமெந்து போட்டு விட்டா கல்லு மாதிரி நிக்கும் சேர்” என்று மேசன் சொல்வது பொய்யில்லை, நிற்கிறது, இரண்டு மூன்று மழைக்காலம் வரைக்கும். சீமெந்துக்குப் பின்னால் மாட்டிய ஈரம் மேலே ஏறும். இரண்டடியில் நின்ற கறை நாலடிக்குப் போகும். ஈரம் காயும் இடத்தில் உப்புப் பளிங்காகும், பளிங்கு வளரும்போது கல்லின் தோலைத் தள்ளும். மென்மையான கல்லின் மேல் அதைவிடக் கடினமான பூச்சு இருந்தால் தேய்வது கல்தான். எனவே பழைய வீட்டில் பூச்சும் இணைப்புச் சாந்தும் கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும்.

ஆகவே வேலையின் ஒழுங்கு இதுதான்: முதலில் தண்ணீருக்கு வழி, அடுத்து கூரை, பிறகு காய விடுதல், கடைசியில்தான் சாந்து. கொழும்பில் காசு வீணாவதில் பெரும்பங்கு இந்த ஒழுங்கைத் தலைகீழாக்குவதால்தான். வீடு வாங்கிய மாதமே பூச்சு, மறு வருடம் அதே பூச்சு. தொடங்குமுன் மாநகரசபையிலும் நகர அபிவிருத்தி அதிகாரசபையிலும் வீடு பாதுகாப்புப் பட்டியலில் உண்டா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். ஒல்லாந்தர் காலத்து அடையாளம் தென்பட்டால் தொல்பொருள் திணைக்களத்திடமும். முகப்பை உடைத்த பிறகு கேட்பது வேறு விதமான செலவு.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பழைய கொழும்பில் தெருதான் பெரிய எதிரி. தார் மேல் தார் போட்டுத் தெரு உயர்ந்துகொண்டே போக, வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. விறாந்தைக்கு மூன்று படி ஏறிய வீடுகளுக்கு இன்று ஒரு படி இறங்குகிறோம். இதற்கு எல்லாரும் செய்யும் வைத்தியம் தரையை உயர்த்துவது: ஒன்றரை அடி மண் நிரப்பி, மேலே கொங்கிறீட், அதன் மேல் டைல். இது இரண்டு விதத்தில் கெடுதல். நிரப்பிய மண் சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்பதால் ஈரக்கோடும் ஒன்றரை அடி உயரும். கதவுநிலையின் கால் மண்ணுக்குள் போவதால் கறையானுக்குப் படி போட்டது போலாகும்.

தரையை இருந்த மட்டத்திலேயே விடுங்கள். வாசலில் ஆறு அங்குலத் தடுப்புப் படி ஒன்று. அதற்கு உட்புறம், விறாந்தையின் முழு அகலத்துக்கும், நாலு அங்குல அகலத்தில் கம்பிமூடி போட்ட வாய்க்கால். வாய்க்கால் விழும் இடத்தில் இரண்டடிக்கு இரண்டடி, மூன்றடி ஆழக் குழி. அதில் சுமார் 340 லீற்றர் பிடிக்கும். மிதவை சுவிட்ச் உள்ள அரைக் குதிரைவலுப் பம்பு ஒன்றை அதில் வைத்து, வெளியேறும் குழாயைத் தெரு வடிகாலுக்கு மேல் மட்டத்தில் கொண்டுபோய் விடவேண்டும். திரும்பி வராமலிருக்க அதில் ஒருவழி வால்வு கட்டாயம். மழைக்குக் கரண்ட் போவது வழக்கம் என்பதால் பம்புக்குத் தனி பற்றரி வழி இருந்தால் நிம்மதி.

பின்வளவில் வேலை சுலபம். சுவரோடு ஒட்டிப் போட்ட சீமெந்து மேடையைக் கொத்தி எடுங்கள். வெளிமண் உட்தரையைவிட ஆறு அங்குலமாவது தாழ இருக்கவேண்டும். சுவரிலிருந்து ஓரடி தள்ளி ஒரு அகழி: ஓரடி அகலம், ஒன்றரை அடி ஆழம், அடியில் துளையிட்ட நாலு அங்குலக் குழாய், சுற்றிலும் முக்கால் அங்குலச் சல்லி, எல்லாவற்றையும் சுற்றி வடிதுணி. அகழியை அத்திவாரத்தின் அடியைவிட ஆழமாக வெட்டாதீர்கள். பழைய கபொக் அத்திவாரம் பல இடங்களில் இரண்டடிகூட இருக்காது. பக்கத்து வீட்டோடு பங்குச் சுவர் என்றால் அந்தப் பக்கத்துக் குளியலறை எங்கே இருக்கிறது என்று நல்ல வார்த்தையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் வரவேற்பறைச் சுவரின் கறைக்குக் காரணம் அவர்கள் வீட்டுக் குழாயாக இருக்கலாம்.

சுவரில் வரிசையாகத் துளையிட்டு இரசாயனம் செலுத்தி ஈரத்தை நிறுத்தித் தருவதாக ஒரு வியாபாரம் உண்டு. ஒரே சீரான செங்கல் சுவரில் அது வேலை செய்யலாம். மேலே சொன்ன நடுநிரப்புச் சுவரில் திரவம் வெற்றிடம் பார்த்து ஓடும், கல்லுக்குள் பரவாது. அந்தக் காசுக்கு அகழி வெட்டலாம்.

அடுத்தது கூரை. கொழும்புக்கு ஆண்டில் ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழை. 1,000 சதுர அடிப் பரப்பை மூடும் கூரைக்கு அது இரண்டு லட்சத்து இருபதாயிரம் லீற்றருக்கு மேல். ஓடுகளை இறக்க வேண்டுமென்றால் ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரைதான் துணிந்து செய்யலாம். ஏப்ரலில் பின்னேர இடிமழை தொடங்கிவிடும். அந்த வறண்ட மாதங்களில்கூடத் தார்ப்பாயை முதல் நாளே ஏற்றிக் கட்டி வைத்துவிட்டுத்தான் முதல் ஓட்டில் கை வைக்கவேண்டும்.

ஓடு இரண்டு வகை. சிங்கள உளு என்று கேட்டால் கிடைக்கும் அரைக்குழாய் வடிவப் பீலி ஓடு ஒன்று, கலிகட் ஓடு என்று நாம் சொல்லும் தட்டை ஓடு மற்றது. பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மதப்பணிச் சங்கம் 1865இல் மங்களூரில் ஆலை தொடங்கிய பிறகுதான் இந்தத் தட்டை ஓடு பரவியது. ஆகவே தட்டை ஓடு இருப்பதை வைத்து வீட்டின் வயதைச் சொல்லாதீர்கள், பீலி ஓட்டை இறக்கிவிட்டு அதை ஏற்றியிருக்கலாம். 100 சதுர அடிக்குக் கலிகட் ஓடு ஏறக்குறைய 140 பிடிக்கும். இறக்கும்போது ஐந்தில் ஒன்று உடையும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒவ்வொன்றையும் சுண்டிப் பாருங்கள். மணி போலக் கேட்டால் நல்லது, சொத்தென்று கேட்டால் வெடிப்பு உண்டு. புது ஓட்டையும் பழைய ஓட்டையும் ஒரே வரிசையில் கலக்க வேண்டாம். அச்சுக்கு அச்சு ஓரிரு மில்லிமீற்றர் மாறும், கொக்கி சரியாக விழாது, காற்று மழையில் அந்த இடமே ஒழுகும். நல்ல பழைய ஓட்டையெல்லாம் தெருப்பக்கத்துக்கு ஒதுக்கி, புதியதைப் பின்பக்கம் போடுவது வழக்கம்.

பீலி ஓட்டைத் தனியாகப் போட்டால் பூனை நடந்தாலும் நகரும். நெளி சீமெந்துத் தகட்டின் மேல் பீலி ஓட்டை அடுக்கும் முறையை கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா பரவலாக்கினார். தண்ணீரைத் தகடு பார்த்துக்கொள்ளும், வெயிலை ஓடு பார்த்துக்கொள்ளும். அதையே இன்று செய்வதானால் அஸ்பெஸ்டோஸ் இல்லாத தகடாகக் கேட்டு வாங்குங்கள். பழைய அஸ்பெஸ்டோஸ் கூரையில் இருந்தால் நனைத்து, உடைக்காமல், முழுத் தகடாக இறக்க வேண்டும். கிரைண்டரை அதன் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது.

மரத்தைக் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். தீராந்தியின் (உத்தரத்தின்) நடுப்பகுதி இரும்பு போல இருக்கும், சுவருக்குள் புதைந்த முனையோ சுருட்டுச் சாம்பலாக இருக்கும். ஒவ்வொரு முனையிலும் கூரான ஸ்குரூ டிரைவரை அழுத்திக் குத்துங்கள். கால் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்த முனை போய்விட்டது. அதற்காக முழுத் தீராந்தியையும் மாற்ற வேண்டியதில்லை. கெட்டதை அறுத்துவிட்டு, அதே சாதிப் பழைய மரத்தைச் சாய்வெட்டில் பொருத்தலாம். சாய்வெட்டின் நீளம் மரத்தின் ஆழத்தைப் போல் நாலு மடங்காவது வேண்டும்: எட்டு அங்குலத் தீராந்திக்கு 32 அங்குலம். கடற்காற்று அடிக்கும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் என்றால் அதைப் பொருத்தும் போல்ட்டு 316 ரகத் துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும், துத்தநாகம் பூசியது நெடுநாள் தாங்காது. முனையைத் திரும்பச் சுவருக்குள் வைக்கும்போது சாந்தால் அடைத்துவிடாமல் சுற்றிவர ஓரங்குல இடைவெளி விடுங்கள், முனை கெட்டதற்குக் காரணமே காற்றில்லாததுதான். மரம் வேண்டுமென்றால் வீடு உடைத்த சாமான் விற்கும் தளங்களில் தேக்கும் பலாவும் முதிரையும் கிடைக்கும். ஆணிகளைப் பிடுங்கி, காந்தம் வைத்துத் தடவிப் பார்த்த பிறகே வாளுக்குக் கொடுங்கள். பச்சைப் பலாவை நினைத்தபடி வெட்ட முடியாது, 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு அனுமதி வேண்டும்.

நடுமுற்றம் இருந்தால் அதிர்ஷ்டம், ஆனால் கணக்குப் பாருங்கள். முற்றமும் அதற்குள் வடியும் கூரையும் சேர்ந்து 750 சதுர அடி என்றால், மணிக்கு 100 மில்லிமீற்றர் மழையில் ஒரு மணித்தியாலத்தில் 7,000 லீற்றர் இறங்கும். நாலு அங்குலக் குழாய் ஒன்று தாராளமாக இழுக்கும். ஒரே ஒரு மாவிலை வாயை மூடினால் என்ன நடக்கும் என்பதற்காகத்தான் இரண்டாவது குழாய். அதை முதலாவதைவிட இரண்டு அங்குலம் உயரத்தில் வையுங்கள். கூரை ஓரத்துப் பீலித் தகரத்தைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்து, விழும் கோட்டில் சல்லி வாய்க்கால் போடுவது மேல். தேங்கிய பீலி டெங்கு நுளம்புக்குத் தொட்டில்.

கூரை மூடி, தண்ணீர் வழி திறந்த பிறகு சீமெந்துப் பூச்சைக் கழற்றுங்கள். மின் உளி வேண்டாம், கையுளியும் பொறுமையும் போதும். பூச்சு தானாகப் பத்தை பத்தையாக வரும். வர மறுக்கும் இடத்தில் கல்லையும் இழுத்துக்கொண்டு வரும், அங்கே விட்டுவிடுங்கள். உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டிக் கூட்டி அள்ளவேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது திரும்ப உள்ளே போகும். கனமாகப் பூத்த இடங்களில் கடதாசிக் கூழை அரை அங்குலம் அப்பி, காய்ந்ததும் உரித்தால் உப்பு கூழோடு வரும். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும்.

இனிக் காத்திருக்க வேண்டும். கனச் சுவர் மாதத்துக்கு ஓரங்குலம் காயும் என்பது பழைய கணக்கு. இரண்டு பக்கமும் திறந்த 24 அங்குலச் சுவருக்கு ஒரு வருடம். யாரும் அவ்வளவு பொறுப்பதில்லை, பொறுக்கவும் தேவையில்லை, சுண்ணாம்புப் பூச்சு மிச்சத்தை ஆற விடும். ஓரடிச் சதுரப் பொலித்தீனைச் சுவரில் நாலு பக்கமும் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உட்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்தால் இன்னும் நேரமாகவில்லை.

இந்தக் காத்திருப்பு வீணில்லை, சுண்ணாம்பு தண்ணீரில் ஊறிப் பழுக்க வேண்டிய காலமும் இதுதான். பழைய வீடுகளுக்குச் சுண்ணாம்பு தென்மேற்குக் கரையின் முருகைக்கல்லிலிருந்து (பவளப்பாறையிலிருந்து) வந்தது. முருகைக்கல் வெட்டுவது இன்று குற்றம். இப்போது கிடைப்பதில் பெரும்பகுதி மாத்தளை, திகன பக்கத்து டொலமைட். அதில் உள்ள மக்னீசியம் மெதுவாகத்தான் நீறும். அவசரப்பட்டுப் பூசினால் சுவரில் ஏறிய பிறகு நீறி, பூச்சைச் சின்னச் சின்னக் குழியாகப் பொரித்துத் தள்ளும். ஆகவே முருகைச் சுண்ணாம்புக்கு மூன்று வாரம் போதுமென்றிருந்த இடத்தில் டொலமைட்டுக்கு மூன்று மாதம் கொடுங்கள்.

நீற்றும்போது தண்ணீரில் சுண்ணாம்பைப் போடவேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் கிட்ட விடாதீர்கள். மூன்று மில்லிமீற்றர் வலையில் வடித்து, இருநூறு லீற்றர் பீப்பாயில் விட்டு, மேலே நாலு விரல் தண்ணீர் எப்போதும் நிற்கும்படி மூடி வையுங்கள். பழுத்த சுண்ணாம்புக் களி கட்டித் தயிர் போல இருக்கும். கரண்டியை நட்டு இழுத்தால் சுத்தமாக வெளியே வரும். 1,000 சதுர அடிச் சுவருக்கு முக்கால் அங்குலப் பூச்சு என்றால், பள்ளம் மேட்டுக்கு நாலில் ஒன்று சேர்த்து, 78 கன அடி சாந்து தேவை. மணல் முக்கால் கியூபுக்குச் (ஒரு கியூப் 100 கன அடி) சற்று மேல், களி நாலு பீப்பாய்க்குக் கொஞ்சம் குறைவு. மணல் கழுவிய ஆற்று மணலாக இருக்கட்டும். உப்போடு போராடும் சுவருக்குக் கடல் மணலைக் கொடுப்பது அநியாயம்.

களி ஒன்று, மணல் மூன்று. இடுப்புக்குக் கீழே ஈரம் மிச்சமிருக்கும் பகுதிக்குக் களி இரண்டு, குறைசூட்டுச் செங்கல் தூள் ஒன்று, மணல் ஐந்து. செங்கல் தூள் சேர்ந்தால் காற்றுப் படாத இடத்திலும் இறுகும். கலக்கும்போது சாந்து முதலில் உதிரியாக, தண்ணீர் போதாதது போலத் தெரியும். மேசனின் கை தானாக வாளிக்குப் போகும். அங்கேதான் தடுக்க வேண்டும். இந்தச் சாந்து தண்ணீர் கேட்காது, அடி கேட்கும். மரக்கட்டையால் இருபது நிமிடம் இடித்துப் புரட்டினால் களியிலிருக்கும் நீரே வெளிவந்து மசிந்துவிடும். ஊற்றிய தண்ணீரெல்லாம் பிறகு வெடிப்பாகத் திரும்பி வரும். சாந்தில் சேர்க்கப் பனங்கட்டி, கடுக்காய், முட்டை என்று நிறையப் பேர் பேசுவார்கள். களியைப் பழுக்க வைத்தவர்கள் அவர்களில் குறைவு.

கல் இடுக்குகளை ஓரங்குலம் சுரண்டி, நனைத்து, முதலில் அவற்றை நிரப்புங்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் தேய்ந்த இடத்தில் கபொக் துண்டு வெட்டி வைத்துக் கட்டவேண்டும், சாந்தை அப்பி நிரப்பக்கூடாது. புதுக் கபொக் வாங்கினால் சில மாதம் நிழலில் காயவிட்டு வையுங்கள். பூச்சு முதல் படை அரை அங்குலத்துக்கு உள்ளே, விரல் நகம் பதியாத அளவுக்கு இறுகியதும் குறுக்கும் மறுக்கும் கீறி, ஏழு முதல் பத்து நாள் கழித்து அடுத்த படை. வெயில் படும் பக்கத்தில் ஈரச் சாக்குத் தொங்க விட்டு, நாளுக்கு மூன்று தடவை புகைபோலத் தெளிக்க வேண்டும். சீக்கிரம் காய்ந்த சுண்ணாம்பு இறுகாது, உள்ளங்கையால் தடவினால் மாவாக ஒட்டும். கீழ் மூன்றடிப் பூச்சை உப்புக்குப் பலி கொடுக்கும் பூச்சாகவே நினையுங்கள். இரண்டு வருடத்தில் அதை மட்டும் உரித்துத் திரும்பப் பூச வேண்டி வரலாம். அதற்காக ஒரு பீப்பாய்க் களியை மிச்சம் பிடியுங்கள், அது வருடக்கணக்கில் கெடாது.

தரைக்கடியில் பொலித்தீன் விரித்தால் நடுவில் ஏற முடியாத ஈரம் சுவருக்குத்தான் போகும். பழைய சிவப்புச் சீமெந்துத் தரை வெடிக்காமல் இருந்தால் மெழுகு போட்டுத் தேங்காய்ப் பொச்சால் தேய்த்து எடுங்கள், அதன் மினுக்கம் எந்த டைலுக்கும் வராது.

புதுக்கால வசதிகளில் கஷ்டம் தருபவை மூன்று. வயரைச் சுவருக்குள் புதைக்கக் கிடையாக வெட்டினால் கபொக் அந்தக் கோட்டில் பிளக்கும். ஆகவே குழாயைச் சுவருக்கு வெளியே, கதவுநிலை ஓரமாகக் கொண்டுபோய், 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்சோடு முடியுங்கள். குளியலறையைப் பழைய சுவரில் சாய்க்காமல், இரண்டு அங்குலம் தள்ளித் தனிச் சுவர் எழுப்பி, மேலும் கீழும் காற்றுத் துளை விட்டுக் கட்டுங்கள். ஏசி ஒன்றிரண்டு படுக்கையறைக்கு மட்டும் போதும், அந்த அறைகளிலும் சுவருக்கு எமல்ஷன் பூசக்கூடாது. கொழும்பின் ஈரக்காற்று வெளியிலிருந்து உள்ளே ஊறி, குளிர்ந்த பெயின்டுக்குப் பின்னால் நீராகும். ஆறு மாதத்தில் அலுமாரிக்குப் பின்னால் கறுத்துவிடும்.

கடைசியில் வெள்ளை. களி ஒன்றுக்கு நாலு ஐந்து பங்கு தண்ணீர் விட்டு, பசும்பால் பதத்தில் கரைத்து, நனைத்த சுவரில் ஐந்து பூச்சு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி. நிறம் வேண்டுமென்றால் இரும்புக் காவி போன்ற சுண்ணாம்பு தின்னாத நிறமி. பூசும்போது ஒன்றுமே தெரியாது, வெறும் தண்ணீர் அடித்தது போலச் சுவர் அப்படியே இருக்கும். “சேர், இது பத்தேல்ல” என்று சொல்லிக் கரைசலைக் கட்டியாக்கப் பார்ப்பார்கள். கட்டியாக அடித்தது காய்ந்ததும் முட்டை ஓடு போல உரியும். விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள், மறுநாள் காலையில் வந்து பார்க்கும்போது வெளுத்திருக்கும்.